ஆபீஸ் முடிந்து பைக் டாக்ஸி ஓட்டினால் கையில் எவ்வளவு நிற்கும்? (சென்னை)

பல்லாவரம் வாசி
9 ஆகஸ்ட் 2025

வணக்கம். கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன், வீடு பல்லாவரம். பிடித்தம் போக 23,400 கைக்கு வருகிறது. போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், அதற்காக வீட்டம்மா வளையலும் செயினும் பேங்கில் அடகு வைத்து 1,05,000 வாங்கினோம். இதுவரை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறேன், அசல் அப்படியே நிற்கிறது. மாதம் 6,000 கூடுதலாக வந்தால் ஒன்றரை வருஷத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

வேலை சாயங்காலம் 5.30-க்கு முடியும். 125 சிசி பைக் இருக்கிறது, 2021 மாடல், கடன் முடிந்துவிட்டது. 6 மணியிலிருந்து 9 மணி வரை பைக் டாக்ஸி ஓட்டலாமா என்று யோசிக்கிறேன். விளம்பரத்தில் போடுகிற தொகையை விடுங்கள், பெட்ரோல் எல்லாம் போக உண்மையில் எவ்வளவு நிற்கும்? ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட்) வண்டியை இப்படி ஓட்டினால் போலீஸ் பிடிப்பார்களா? வீட்டில் பயப்படுகிறார்கள், அதனால் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

ராத்திரி ரைடர்
9 ஆகஸ்ட் 2025

தம்பி, நான் மூன்று வருஷமாக ஓட்டுகிறேன். ஆப்பில் ராத்திரி காட்டுகிற தொகையைப் பார்த்து மனக்கணக்கு போடாதே, அதுதான் எல்லாரும் செய்கிற முதல் தப்பு. வண்டியை எடுக்கும்போது மீட்டர் எவ்வளவு, வீட்டுக்கு வந்து ஸ்டாண்ட் போடும்போது எவ்வளவு, இந்த இரண்டையும் எழுதி வைத்தால்தான் உண்மை தெரியும்.

நேற்றைய என் கணக்கை அப்படியே தருகிறேன். 6.10-க்கு ஆன் செய்தேன், 9.20-க்கு முடித்தேன். 6 ட்ரிப், ஆப் கம்பெனி பிடித்தது போக 372 ரூபாய். மீட்டரில் ஓடியது 51 கிலோமீட்டர், அதில் பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தது 33 கிலோமீட்டர்தான். மீதி 18 பிக்கப்புக்குப் போனதும் காலியாகத் திரும்பியதும். சென்னை டிராஃபிக்கில் என் வண்டி 45 தருகிறது, லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோல் 114. ஆயில், பின் டயர், செயின் செட், பிரேக் ஷூ எல்லாவற்றுக்கும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறேன், 51. ஆக நின்றது 207. மூன்றே கால் மணி நேரத்துக்கு இதுதான். மாதம் 25 நாள் விடாமல் ஓட்டினால் 5,175. மழை, காய்ச்சல், விசேஷம் என்று நாலு நாள் போனால் 4,300 சொச்சம்.

அந்த ஒரு ரூபாயைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. முதல் ஆறு மாதம் நல்ல காசு என்பார்கள், அப்புறம் ஒரே வாரத்தில் டயரும் செயினும் கிளட்ச் பிளேட்டும் சேர்ந்து வரும், அன்றைக்குக் கடன் வாங்குவார்கள். நானே வாங்கியிருக்கிறேன்.

இடம் முக்கியம். உனக்கு ஆலந்தூர் மெட்ரோ பக்கம், அங்கே இரண்டு லைன் சேர்வதால் சாயங்காலம் ஆதம்பாக்கம், நங்கநல்லூர், மடிப்பாக்கம் என்று சின்னச் சின்ன ட்ரிப் விழுந்துகொண்டே இருக்கும். 8 மணிக்கு மேல் சிறுசேரிக்கு ஒரு பெரிய ட்ரிப் வந்தால் தொகையைப் பார்த்து ஆசைப்படாதே, திரும்பி வரும்போது ஆள் கிடைக்காது. பிக்கப் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் விட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 4 மணிக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய் நின்றால் தென்மாவட்ட பஸ் வரிசையாக வரும், அங்கே மெட்ரோ இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் மற்ற நாளில் நாலு மணி நேரத்துக்குச் சமம்.

கிளெய்ம் டேபிள்
10 ஆகஸ்ட் 2025

வாகன இன்சூரன்ஸ் கிளெய்ம் வேலையில் 11 வருஷமாக இருக்கிறேன். மேலே அண்ணன் போட்ட கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உங்கள் வெள்ளை போர்டு வண்டியின் பாலிசியை எடுத்துப் பாருங்கள், எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஆள் ஏற்றினால் செல்லாது என்று அதில் தெளிவாக எழுதியிருப்பார்கள். ஆப் ஆன் செய்து ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி அடிபட்டால் உங்கள் வண்டிக்கான கிளெய்ம் நிற்காது. எதிரில் ஒருவருக்கு அடிபட்டால் கோர்ட் என்ன செய்யும் என்றால், பல வழக்குகளில் இன்சூரன்ஸ் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லும். உரிமையாளர் நீங்கள்தான். அது ஆயிரத்தில் முடிகிற தொகையாக இருக்காது.

போலீஸ், ஆர்.டி.ஓ விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவுப்படி கூலிக்கு ஆள் ஏற்றப் பெர்மிட் வேண்டும், இல்லாவிட்டால் 192ஏ பிரிவில் முதல் தடவைக்கே 10,000 அபராதம், 6 மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2024 டிசம்பரில் சொந்த உபயோக டூவீலரை வாடகைக்கு ஓட்டுகிறவர்களைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பக்கத்துக் கர்நாடகாவில் இந்த வருஷம் ஜூன் மாதம் ஹைகோர்ட் உத்தரவால் பைக் டாக்ஸியே நின்றது. ஜூலையில் மத்திய அரசு புது வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டு, ஓன் போர்டு பைக்கையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்றது, ஆனால் மாநில அரசு அனுமதித்தால்தான் அது நடைமுறைக்கு வரும். பேப்பரில் தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் சட்டப்படி சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள்.

சில ஆப்கள் ட்ரிப் ஓடும்போது விபத்துக் காப்பீடு தருகின்றன, நல்லதுதான். ஆனால் அது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கேளுங்கள். ஒரு ட்ரிப் முடிந்து அடுத்ததற்காகக் காத்திருக்கும்போதோ காலியாக வீடு திரும்பும்போதோ அடிபட்டால் அது வருமா? எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கீழ்க்கட்டளை 88
10 ஆகஸ்ட் 2025

மேலே சொன்னது எனக்கு நடந்தது. போன வருஷம் அக்டோபர், ராத்திரி 8.40 இருக்கும், கீழ்க்கட்டளை தாண்டி ஒரு திருப்பத்தில் ரோட்டில் ஜல்லி சிதறிக் கிடந்தது, முன் சக்கரம் வழுக்கியது. நான் 30-ல்தான் போனேன். எனக்கு முட்டி சிராய்ப்பு, பின்னால் இருந்த பையனுக்குத் தோள்பட்டைப் பக்கம் காறை எலும்பு முறிந்துவிட்டது. காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறவன், செமஸ்டருக்குப் பத்து நாள் இருந்தது. ரோட்டோரம் உட்கார்ந்து இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணா அம்மாவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க, நான் பேசினா அழுதுடுவேன்" என்றான். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஆப் தரப்பில் பேப்பர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், என் வண்டி இன்சூரன்ஸில் கைவிரித்துவிட்டார்கள். பையனின் வைத்தியத்துக்கு நானாக 38,000 கொடுத்தேன், கொடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கொடுக்காமல் இருக்க மனசு வரவில்லை. எட்டு மாதம் ஓட்டிச் சேர்த்தது மொத்தமும் அதில் போனது. நான் நிறுத்திவிட்டேன். ஓட்டாதே என்று உங்களைச் சொல்லவில்லை சகோ, பின்னால் உட்காருகிறவர் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைதாப்பேட்டை ஸ்டாண்ட்
10 ஆகஸ்ட் 2025

அப்பா 26 வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறார், நான் அவர் மகன், அதனால் என் பக்கத்தை நேராகவே சொல்கிறேன். அப்பா வண்டிக்குப் பெர்மிட் இருக்கிறது, எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) இருக்கிறது, பயணிக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் கட்டுகிறார். தமிழ்நாட்டில் ஆட்டோ மீட்டர் கட்டணம் கடைசியாக 2013-ல் நிர்ணயித்தது, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பொறுத்துப் பார்த்துவிட்டு இந்த பிப்ரவரியில் சங்கங்களே 50, 18 என்று அறிவித்தன. இந்த நிலைமையில் பெர்மிட்டும் எஃப்சியும் இல்லாமல் ஒரு வண்டி வந்து 4 கிலோமீட்டருக்கு 40 ரூபாய் வாங்கினால் அப்பா எப்படி நிற்பார்? முன்னெல்லாம் சாயங்காலம் 6-லிருந்து 9 வரைதான் அவருக்குச் சவாரி நேரம். காலையில் பங்க்குக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் பிடிப்பது அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

உங்கள் நகைக் கதை புரிகிறது, எங்கள் வீட்டிலும் அடகுச் சீட்டு இருக்கிறது. ஆனால் "கூடுதல் வருமானம்" என்று நீங்கள் சொல்வது இன்னொருவருக்கு அன்றாட வருமானம் என்பதையும் யோசியுங்கள்.

பல்லாவரம் வாசி
11 ஆகஸ்ட் 2025

தோழர், நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். மறுத்துப் பேச எதுவும் இல்லை. நான் இன்னும் முடிவு செய்யவில்லை. கீழ்க்கட்டளை நண்பர் எழுதியதை வீட்டம்மாவிடமும் காட்டினேன், எதுவும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேளச்சேரி அக்கா
12 ஆகஸ்ட் 2025

நான் ஸ்கூட்டியில் ஓட்டுகிறேன், ஒன்றரை வருஷம் ஆகிறது. பையனை ஸ்கூலில் விட்டபிறகு 9 முதல் 12.30 வரை. பெண்கள் பெண் ஓட்டுநரைத்தான் தேடுகிறார்கள், ஏறி உட்கார்ந்ததும் தோளில் இருக்கிற இறுக்கம் குறைவது எனக்கே தெரியும். ஒரு பொண்ணு தெரு முனையிலேயே இறங்கிக்கொள்கிறேன் என்றால் ஏன் என்று கேட்காமல் இறக்கிவிடுங்கள், வீட்டு வாசலை எல்லாருக்கும் காட்ட அவர்களுக்கு இஷ்டம் இருக்காது. நீங்கள் ஆண் என்பதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன் தம்பி. ட்ரிப் முடிந்தபிறகு அந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள், பாக்கிக் காசு வராவிட்டால் ஆப்பிலேயே புகார் கொடுங்கள்.

இரண்டாவது ஹெல்மெட் கட்டாயம். சென்னையில் 2022 மே மாதத்திலிருந்து பின்னால் உட்காருகிறவருக்கும் போலீஸ் பார்க்கிறார்கள், 1,000 அபராதம். பலர் அதைத் தலையில் மாட்டத் தயங்குவார்கள், அடுத்தவர் வேர்வை என்று. நான் ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருக்கிற பஞ்சைக் கழற்றி ஷாம்பூவில் அலசி மொட்டைமாடியில் காயப்போடுவேன், பெட்டியில் மெல்லிய துணித் தொப்பி பத்துப் பன்னிரண்டு வைத்திருப்பேன். தொப்பியை நீட்டினால் மறுப்புச் சொல்லாமல் ஹெல்மெட் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு தொப்பி மூன்று ரூபாய்கூட ஆகாது.

மாதம் எனக்கு நிற்பது 4,000-லிருந்து 4,800 வரை. பால், காய்கறி, பையன் டியூஷன் அதில் ஓடிவிடுகிறது, யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்காக ஓட்டுகிறேன்.

அப்புறம் ஒன்று, 2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் ஆப் வேலை செய்கிறவர்களுக்கென்றே தனி நல வாரியம் தொடங்கினார்கள். ஓட்ட ஆரம்பித்தால் முதல் வாரமே பதிவு செய்துவிடுங்கள். இந்த வருஷ பட்ஜெட்டில் 2,000 பேருக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் அறிவித்ததும் வாரியத்தில் பதிந்தவர்களுக்குத்தான்.

மேடவாக்கம் டி போர்டு
13 ஆகஸ்ட் 2025

பல்லாவரம் நண்பா, கார் ஓட்டுவீர்களா? லைசென்ஸில் கார் இருக்கிறதா? இருந்தால் கொஞ்சம் வேறு மாதிரி யோசியுங்கள்.

எனக்குச் சொந்தமாக மஞ்சள் போர்டு டாக்ஸி கார் ஒன்று. வாரம் ஆறு நாள் நானே ஓட்டுகிறேன், ஏழாவது நாள் உடம்பு கேட்பதில்லை. அன்றைக்கு வண்டி சும்மா நின்றாலும் கடன் டியூ (மாதத் தவணை) நிற்காது. அதனால் அன்றைக்கு எனக்குப் பதிலாக ஓட்ட ஆக்டிங் டிரைவர் போடுகிறேன். என்னைப் போல் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள், நம்பிக்கையான ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். பெட்ரோல், டயர், எஃப்சி, இன்சூரன்ஸ் எதுவும் உங்கள் தலையில் இல்லை. வண்டிக்குப் பெர்மிட் இருக்கிறது, பயணிக்குக் காப்பீடு இருக்கிறது. 10, 11 மணி நேர டூட்டிக்கு எங்கள் பக்கம் 900-லிருந்து 1,000 கொடுக்கிறோம், சாப்பாடு தனி.

டாக்ஸி ஓட்டத் தனியாகப் பேட்ஜ் வேண்டுமே என்று பயப்படாதீர்கள். லைட் மோட்டார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட டாக்ஸி ஓட்டத் தனி அனுமதி வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது, 2024 நவம்பரில் 5 நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. ஆனால் ஆப்பில் உங்கள் பெயரையும் அந்த வண்டியில் சேர்க்க வேண்டும், போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்பார்கள். இன்னொருவர் ஐடியில் ஓட்டச் சொல்கிற ஓனரிடம் போகவே போகாதீர்கள், ஏதாவது ஆனால் பயணியின் போனில் தெரிகிற படமும் ஸ்டியரிங்கில் இருக்கிற முகமும் வேறாக இருக்கும்.

பகுதி நேரத்துக்காகப் புது கார் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். டியூ மாதம் முழுக்க ஓடும், நீங்கள் எட்டு நாள்தான் ஓட்டுவீர்கள். என் கண் முன்னால் மூன்று பேர் வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

ராத்திரி ரைடர்
13 ஆகஸ்ட் 2025

இது நல்ல யோசனை. எனக்குக் கார் தெரியாது, தெரிந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

பல்லாவரம் வாசி
21 செப்டம்பர் 2025

இடையில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆகஸ்ட் 18-லிருந்து மூன்று வாரம் பைக் ஓட்டிப் பார்த்தேன். எல்லாரும் இவ்வளவு சொல்லியும் ஏன் என்றால், வட்டி கட்டும் தேதி வந்துவிட்டது.

நோட்டில் எழுதினேன். 17 நாள் ஓட்டினேன், ஆப்பில் வந்தது 5,610. ஓடியது 803 கிலோமீட்டர். பெட்ரோல் 1,790, தேய்மானத்துக்கு ராத்திரி ரைடர் அண்ணன் சொன்ன கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், 803. டீ, இரண்டு தடவை பார்க்கிங், ஒரு பஞ்சர் சேர்த்து 340. நின்றது 2,677. ஒரு நாளைக்கு 157 ரூபாய். அண்ணன் சொன்னதைவிடக் குறைவு, முதல் வாரம் பிக்கப்பைப் பார்க்காமல் வருகிற ட்ரிப்பை எல்லாம் எடுத்ததால்.

நிறுத்தியது காசுக்காக இல்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, துரைப்பாக்கத்தில் ஒருவரை இறக்கிவிட்டு ரேடியல் ரோட்டில் காலியாக வந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கரணை ஏரிக் காற்று முகத்தில் அடிக்கிறது, காலையில் 5.30-க்கு எழுந்தது. கண்ணைத் திறந்து வைத்திருந்தேன் என்றுதான் நினைத்தேன், பக்கத்தில் லாரி ஹாரன் அடித்ததும்தான் லேன் மாறி நடுத்தடுப்புப் பக்கம் போயிருப்பது தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். கீழ்க்கட்டளை நண்பரே, உங்கள் பதிவுதான் அப்போது நினைவுக்கு வந்தது. பின்னால் ஆள் இல்லாத நேரம், அதுவே பெரிய விஷயம். வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

மேடவாக்கம் அண்ணா, கார் லைசென்ஸ் இருக்கிறது. 2018-ல் எடுத்தது, முதலாளி வண்டியை அவ்வப்போது ஓட்டுவேன். தனி மெசேஜ் அனுப்பியிருக்கிறேன்.

கிளெய்ம் டேபிள்
21 செப்டம்பர் 2025

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்து என்ன செய்தாலும் இதேபோல் எழுதுங்கள். இன்னொரு சின்ன விஷயம், இந்த வருமானம் சம்பளம் ஆகாது, தொழில் வருமானம். வருமான வரி ரிட்டர்ன் போடுகிறவர் என்றால் ஐடிஆர்-1 படிவம் செல்லாது, உங்கள் அளவுக்கு ஐடிஆர்-4 போதும். உங்கள் சம்பளத்துக்கு வரி வராது, ஆனால் படிவம் சரியாக இருக்கட்டும்.

சைதாப்பேட்டை ஸ்டாண்ட்
22 செப்டம்பர் 2025

உயிரோடு வீடு வந்து சேர்ந்தீர்களே, அது போதும். அப்பாவிடம் உங்கள் ரேடியல் ரோடு கதையைச் சொன்னேன். ராத்திரி ஓட்டும்போது கண் எரிந்தால் டீ குடிக்காதே, வண்டியை நிறுத்திப் பதினைந்து நிமிஷம் தூங்கிவிட்டு எழு என்று சொல்லச் சொன்னார். அவர் 26 வருஷமாகச் செய்வது அதுதான்.

பல்லாவரம் வாசி
30 நவம்பர் 2025

இரண்டு மாதக் கணக்கு. மேடவாக்கம் அண்ணன் வண்டி எனக்குக் கிடைக்கவில்லை, அவருக்கு ஏற்கனவே ஆள் இருந்தது. அவர் மூலமாகக் குரோம்பேட்டையில் ஒருவர் கிடைத்தார், வயது 58, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், அன்றைக்கு முழுதாக வண்டி என்னிடம். வெரிஃபிகேஷன் முடிய 12 நாள் ஆனது. ஞாயிறு அதிகாலை 4.15-க்குச் சாவி வாங்குகிறேன், கிளாம்பாக்கம், அப்புறம் ஏர்போர்ட், மதியம் 3 மணிக்கு வண்டியைத் துடைத்து நிறுத்திவிடுகிறேன். எங்கள் கம்பெனி விடுமுறையான இரண்டாவது, நாலாவது சனிக்கிழமையும் கேட்டால் போகிறேன்.

ஒரு டூட்டிக்கு 950. அக்டோபரில் தீபாவளி வந்ததால் 7 டூட்டி, 6,650. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை பெரிய பெரிய பெட்டியோடு கிளாம்பாக்கம் போகிறவர்கள், ஒரு பாட்டி முறுக்கு டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு டிக்கியில் வைக்கவே விடவில்லை, நொறுங்கிவிடும் என்று. இறங்கும்போது இரண்டு முறுக்கு எடுத்துக் கொடுத்தார். நவம்பரில் மழையும் எனக்குக் காய்ச்சலும், 4 டூட்டி, 3,800. ஆக 10,450. பேங்கில் அசலில் 9,000 கட்டினேன், மீதி வீட்டுக்கு. ஒன்றரை வருஷம் என்று போட்டது இரண்டு வருஷத்துக்கு மேல் இழுக்கும் போல இருக்கிறது. பரவாயில்லை. வாரநாளில் 6.15-க்கு வீட்டில் இருக்கிறேன், பாப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறேன்.

ரேடியல் ரோடு விஷயத்தை வீட்டம்மாவிடம் தீபாவளி அன்றைக்குச் சொன்னேன். இந்த இழையை ஆகஸ்டிலேயே முழுதாகப் படித்தேன், செப்டம்பர் பதிவையும் அன்றைக்கே பார்த்துவிட்டேன் என்றார்.

வேளச்சேரி அக்கா
30 நவம்பர் 2025

தம்பி, எழுதிக்கொண்டே இருங்கள். ஓனரிடம் டூட்டி காசை அன்றன்றைக்கு வாங்குகிறீர்களா, மாதக் கடைசியிலா? சிலர் இழுத்தடிப்பார்கள்.

பல்லாவரம் வாசி
30 நவம்பர் 2025

அன்றன்றைக்குத்தான் அக்கா. சாவியைக் கொடுத்துவிட்டு மீட்டரைக் காட்டினதும் ஜிபே செய்துவிடுகிறார். பேங்க் கணக்குக்கு நேராகப் போகிற மாதிரி வைத்திருக்கிறேன், கையில் வாங்கினால் கரைந்துவிடும்.